நான் போட்ட சரிகள்

போன மாதம், துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள மண்டபமொன்றில் பெற்றோர் கூட்டம். ஒரு பிள்ளையிடம் தகாத முறையில் நடந்து சிறைக்குப் போய்வந்தவரை மறுபடி பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க எடுக்கலாமா என்பதுதான் கதை. அவருக்காகப் பேச வந்தவர் எல்லோருக்கும் போட்டோக்கொப்பி நீட்டினார். "ஆய்வே சொல்லுது. இப்படியான ஆக்கள் திரும்பச் செய்யிறது குறைவாம்."

தாள் இன்னும் சூடாக இருந்தது. மை மணம் ஏறியதும் எனக்குத் தும்மல். சிரிக்காதீர்கள், என் முதல் வேலையை நான் தும்மித் தும்மியே செய்து முடித்தவள். நீதிமன்றப் பதிவறையில் தூசி படிந்த கோவைகளைப் புரட்டி, இத்தகைய குற்றத்துக்காகச் சிறை சென்று விடுதலையானவர்கள்மேல் மறுபடி வழக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் 'மீண்டும் செய்யவில்லை' என்ற கட்டத்தில் ஒரு சரி. என் சரிகள் அழகானவை என்று எனக்கொரு பெருமை வேறு. கையிலிருந்தது அதே ஆய்வு.

அந்த நாட்களில் ஒருமுறை, கோவையொன்றிலிருந்த முகவரியைச் சரிபார்க்கக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். பாலம் இல்லாமல், மூதூருக்கு லோஞ்சில் கடல் கடந்து போன காலம். தலைசுற்றி, பாதி உயிரோடு போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவர் வழக்குப் போட்ட தாய். குற்றவாளி அவருடைய கணவரின் தம்பி. தேத்தண்ணி தந்தார்.

"பிறகு வேற வழக்கு ஒண்டும் இல்லைத்தானே அக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"வழக்கு இல்லைத் தங்கச்சி. வெளியில வந்தாப் பிறகு, சின்னவளிட்டயும்..." நிறுத்தினார். "மூத்தவளைக் கோட்டில நிப்பாட்டிக் கேட்ட கேள்வியள் போதும். இவளையும் கொண்டுபோக என்னால ஏலாது. எழுதிப்போடாதேங்கோ. அவன் இப்ப வேற ஊரில."

எழுதமாட்டேன் என்றேன். அந்த வேற ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெயர் சொல்லாமல், ஆய்வை நடத்திய அம்மாவிடம் சொன்னேன். "வழக்கு இலக்கம் இல்லாட்டி எண்ண ஏலாது பிள்ளை. முறைப்பாடு செய்யாத ஆக்கள் இருக்கினம் எண்டதைக் கடைசியில எழுதுவம்." அறிக்கை முடிந்தபோது எழுதவும் செய்தார். ஆனால் அவர் அப்படிச் சொன்ன அன்று மாலையே நான் அந்தக் கட்டத்தில் சரி போட்டேன்.

மண்டபத்தில் தந்த கொப்பியில் அந்தக் கடைசிப் பக்கம் இல்லை. எழும்பி, "இதில இருக்கிறது திரும்பப் பிடிபட்டவையின்ர கணக்கு மட்டும். இதுக்குச் சரி போட்டவள் நான்" என்றேன். அவரை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அவர் உண்மையாகவே திருந்தியிருக்கவும் கூடும். அதைச் சொல்லவும் என் கட்டங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு, அந்த அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் போனேன். வளவில் வேறு யாரோ புதிதாகக் கல்வீடு கட்டியிருந்தார்கள்.

"அவையள் எப்பவோ போயிட்டினம்," என்றார் பக்கத்து வீட்டுக்காரி. "ஆருக்கும் சொல்லேல்ல. ஆரைத் தேடுறியள்? பேரென்ன?"

தாயின் பெயரைச் சொன்னேன். சின்னவளின் பெயரை நான் அன்றைக்குக் கேட்டிருக்கவேயில்லை.