அத்தானுக்கு மட்டும் அரிக்காத கிழங்கு

என் அக்கா புருஷன், அதாவது எங்கள் அத்தான், தன் நிழலையே நம்பாதவர். ஆலை கேன்டீனில் சரக்கறை அவர் பொறுப்பு. நான் அங்கே பரிமாறுகிறவன். வீட்டில் சோப்பு கரைகிற வேகத்தைக்கூடக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்.

கிழங்கை முழுசாகக் கொடுத்தால் பாதி யார் பைக்குள்ளாவது போய்விடும் என்பது அவர் தீர்மானம். அதனால் சரக்கறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தானே தோல் சீவி, துண்டு போட்டு, எடை பார்த்துத்தான் சமையலறைக்குக் கொடுப்பார். தோல் வாளியையும் வெளியே விடமாட்டார். மதியம் அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவைத்தான் திறப்பார். அடுத்தவர் கைச்சோறு அவருக்கு இறங்காது.

புதிதாக வந்த சமையல்காரம்மா வேறு பக்கத்துக்காரர். அன்றைக்குக் கருணைக்கிழங்கு கேட்டார். அத்தான் துண்டுகளை நீட்டினார். அந்தம்மா வதக்கி வைத்தார். முதல் பந்தியிலேயே ஆளாளுக்குத் தொண்டை அரிப்பு. எனக்கு நாக்கே தடித்துப்போனது.

“இவ வேணும்னே செஞ்சிருக்கா சார். வந்த அன்னிக்கே எனக்கு சந்தேகம்” என்று அத்தான் மேனேஜரிடம் குதித்தார்.

மேனேஜர் செருமிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கதவைப் பூட்டிக்கிட்டு வெட்டினது நீங்க. எல்லாருக்கும் அரிக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் அரிக்கல?”

அத்தான் அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார். அவர் எங்களை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். “நாளையிலிருந்து நீங்க...” என்று மேனேஜர் ஆரம்பித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அக்கா வீட்டுக்கு அந்த ஒரு சம்பளம்தான்.

சமையல்காரம்மா விறுவிறுவென்று சரக்கறைக்குள் போய்த் தோல் வாளியைத் தூக்கி வந்தார்.

“இது சின்னக் கிழங்கோட தோலு சார். எங்க பக்கம் இது பிடிகருணை. புளி போட்டு வேக வைக்காம தொடமாட்டோம். வெறும் கருணைன்னா எங்களுக்குப் பெரிய கிழங்கு, நீங்க சேனைன்னு சொல்றது. அவர் மேல தப்பில்ல. முழுசா கண்ல காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.”

மேனேஜர் அத்தோடு விட்டுவிட்டார். நானும் அத்தானும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில் அத்தான் நின்றார்.

“ஏன் மாப்ளே, அவங்க பேசாம இருந்திருந்தா என் வேலை போயிருக்கும். எதுக்கு வாயைத் தொறந்தாங்க?”

“நல்ல மனசு அத்தான்.”

“இல்ல, இதுல ஏதோ இருக்கு.”

மறுநாள் ஒரு பெரிய சேனைக்கிழங்கை, மண்ணோடு, முழுசாக அந்தம்மா கையில் கொடுத்தார். சமையலறைக்குள் போய்ச் சேரும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.