ஜய வருஷத்துப் பூனை

இது நடந்தது விசுவாவசு வருஷம் ஐப்பசியில். வெறும் விசுவாவசு என்று எழுதினால் 1965ஆ 2025ஆ என்று பின்னால் படிப்பவர் குழம்புவார். ஆகவே 2025 என்றும் சேர்த்து எழுதிவிடுகிறேன். தேதி விஷயத்தில் நான் இப்படித்தான். ஒரகடத்தில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் பக்கம் கோயில் சுவர்களில் கல்வெட்டுப் பார்க்கப் போய்விடுவேன். அப்பாவுக்கு மணிவிழா செய்ய வேண்டும், அவர் பிறந்த வருஷத்தின் பெயர் மட்டும்தான் தெரியும் என்று வருகிறவர்களுக்கு ஆங்கில வருஷத்தைக் கண்டுபிடித்துச் சொல்வேன்.

அட்மின் மேனேஜர் அன்று மதியம் என்னைக் கூப்பிட்டது இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான்.

அவருடைய மேஜைமேல் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. சுவர் ஓரமாக, கெஸ்ட் ஹவுஸ் அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மா நின்றிருந்தார். வாலாஜாபாத்திலிருந்து என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். அவருக்கு எதிரே செக்யூரிட்டி ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

குப்பியின் கதை எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் கேட்டில் பை சோதனை நடந்தபோது அந்த அம்மாவின் சாப்பாட்டுப் பையிலிருந்து அது வெளியே வந்தது. பஸ்ஸுக்கு நின்ற வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, இத எங்கன களவாண்ட?" என்று செக்யூரிட்டி ஆபீசர் கத்தினார். நானும் அந்த வரிசையில் இருந்தேன்.

மெஷின் பொருத்த வந்திருந்த சீன இன்ஜினியர் ஒருவர் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்து, ஒரு வாரத்துக்கு முன்னால்தான் ஊருக்குக் கிளம்பினார். குப்பி அவருடையது. கிளம்புகிற அன்று அவரே கையில் வைத்துக் கொடுத்ததாக அந்த அம்மா சொன்னார். மேனேஜர் தன் போனை என் பக்கம் திருப்பினார். இதே போன்ற குப்பி ஒன்று எங்கோ ஏலத்தில் பல லட்சத்துக்குப் போயிருந்தது.

"நூறு வருஷத்துக்கு மேல பழசு சார். இத்த எவனாவது ரூம் கூட்டுற அம்மாவுக்குக் குடுப்பானா? பழசுதான்னு நீங்க சொன்னீங்கன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுத்துடுவேன்," என்றார் மேனேஜர்.

"நான் இன்னா சார் பண்ணேன்? குடுத்தாரு, வாங்கிக்கினேன்," என்றார் அந்த அம்மா. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குப்பியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்குப்பொடி போட்டுவைக்கச் சீனர்கள் செய்யும் வகை. இவற்றைப் பற்றிப் படித்திருக்கிறேன். வளைந்த தூரிகையைக் குறுகிய கழுத்து வழியாக விட்டு, கண்ணாடியின் உட்புறத்தில் இடவலம் மாற்றி வரைவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும். இதில் ஒரு சாம்பல் பூனை பட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சில எழுத்துகள். முதல் இரண்டும் வருஷப் பெயர்.

சீனர்களுக்கும் நம்மைப் போலவே அறுபது வருஷச் சுற்று உண்டு. என் போனில் இருந்த அட்டவணையோடு ஒப்பிட்டேன். நமக்கு ஜய வருஷமாக வருவது. 1894க்கும் இதே பெயர்தான், 1954க்கும் இதே பெயர்தான், 2014க்கும் இதே பெயர்தான். ஏலத்தில் போன குப்பியிலும் இதே இரண்டு எழுத்துகள், போனில் அந்தப் படத்துக்குக் கீழே 1894 என்று போட்டிருந்தது. மேனேஜர் அந்த 1894ஐ எடுத்து இந்தப் பூனையின் கழுத்தில் கட்டிவிட்டார். ஜய வருஷத்தில் பிறந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நூற்று முப்பது வயது என்று சொல்வதுபோல.

பெயர் மட்டும் போதாது, பொருளும் பேச வேண்டும். கன்னத்தில் வைத்தேன். பழைய குப்பிகளில் சில ஸ்படிகக் கல்லில் குடைந்தவை, அவை சில்லென்றே இருக்கும். இது சீக்கிரமே சூடேறியது, கண்ணாடிதான். வர்ணம் பிடிப்பதற்காக உட்புறத்தைச் சொரசொரப்பாக்குவார்கள். இதில் அது மெஷின் போட்டதுபோல் ஒரே சீராக இருந்தது. அடியில் அறுபது எழுபது வருஷம் வைத்தெடுத்த தேய்மானம் இல்லை. மூடியோடு ஒட்டிய சின்னக் கரண்டி பிளாஸ்டிக். ஆனால் மூடியைப் பின்னால் மாற்றியிருக்கலாம், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்காமலே விஷயம் தெளிவாக இருந்தது.

"2014," என்றேன்.

"அப்போ டூப்ளிகேட்டு." மேனேஜரின் முகம் சப்பென்று போனது.

"டூப்ளிகேட் இல்ல சார். வரைஞ்சவர் எந்த வருஷம் வரைஞ்சாரோ அதைத்தான் எழுதியிருக்கார். புதுசுன்னா மலிவுன்னும் அர்த்தம் இல்ல. பழசுலயும் மட்டமான கை உண்டு. இந்தப் பூனையோட ரோமத்தப் பாருங்க, ஒவ்வொண்ணா இழுத்திருக்கார்…"

அப்போதுதான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பூனையை நான் புகழப் புகழ அவர் திருடியாகிக்கொண்டிருந்தார். படம் நன்றாக இருந்தால் போலீஸ், மட்டமாக இருந்தால் வீடு. வாயை மூடிக்கொண்டேன். கல்வெட்டை உடைத்துக் கக்கூசுக்குப் படி கட்டியதைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"அந்த இன்ஜினியர் நம்பர் உங்ககிட்ட இருக்கில்ல? மெசேஜ் பண்ணிக் கேளுங்களேன்," என்றேன்.

"ஃபாரின் கெஸ்ட் கிட்ட போய் இதக் கேக்கறதா? கம்பெனி மானம் இன்னா ஆவறது?"

மூன்று மாதம் அந்த மனிதரோடு தினமும் மெசேஜில் பேசியவர் சொன்னது இது. கம்பெனியின் மானத்துக்கு ஒரு மெசேஜ் போடுவது கூட ஆபத்து. இந்த அம்மாவின் மானத்தைக் கேட்டில் வைத்து உதறிப் பார்க்கலாம்.

"சரி சரி, டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சிபோச்சு. எடுத்துக்கினு போம்மா. போய் வேலையப் பாரு."

அந்த அம்மா குப்பியை எடுக்கவில்லை.

"அவுரு கேட்டாண்ட நின்னு கத்துனாரு. ரெண்டு பஸ்ஸு ஜனம் கேட்டுச்சி. கம்பெனி உள்ள என் பொண்ணு வேல செய்யிற லைன் வரிக்கும் போயிருச்சி. இங்க ரூமுக்குள்ள கதவ மூடிக்கினு போன்னு சொன்னா, நான் எப்பிடிப் போறது?"

"அதுக்கு என்னம்மா பண்ணணுங்கிற? தண்டோரா போடவா?" என்றார் செக்யூரிட்டி ஆபீசர். மேனேஜர் சிரித்தார். அந்த அம்மா குப்பியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வாலாஜாபாத் பஸ் நிரம்பிவிட்டது. அந்த அம்மா மட்டும் ஏறவில்லை. பஸ்ஸுக்கு முன்னால், கேட்டை மறித்து நின்றார்.

"யக்கா, டைம் ஆவுது, ஏறுக்கா," என்றார் டிரைவர்.

"நேத்து இங்க கத்துனவரு வந்து சொல்லட்டும். ஏறுறேன்."

டிரைவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார். பின்னால் இரண்டு பஸ், அதற்கும் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, எல்லாம் ஹாரன் அடித்தன. பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். நான் இறங்கி அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே கண்டுபிடிக்க எனக்கு எந்தத் தேதியும் இல்லை. ஆனாலும் நின்றேன்.

செக்யூரிட்டி ஆபீசர் குடையோடு வந்தார். "வண்டிய மறிச்சா வேலையே போயிரும், தெரியும்லா?"

"போவட்டும். சொல்லு."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்!" என்றது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல். "நேத்து நல்லா கேட்டுச்சே, இன்னிக்கி தொண்ட கட்டிக்கிச்சா?" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது.

அவர் குரலை உயர்த்தினார். "அந்தப் பாட்டில் டூப்ளிகேட்டுதான். அதனால இந்தம்மா திருடல."

அந்த அம்மா அவரை நேராகப் பார்த்தார்.

"அந்த 'அதனால'வ எடுத்துட்டு சொல்லு."

"என்னது?"

"பாட்டிலு எப்பிடியாவது இருந்துட்டுப் போவுது. தங்கமாக்கூட இருக்கட்டும். என்னப் பத்தி மட்டும் சொல்லு."

மழை வலுத்தது. லாரிக்காரர் மறுபடி ஹாரனை அழுத்தி, அப்படியே அழுத்திப் பிடித்தார். அது ஓயும்வரை அந்த அம்மா காத்திருந்தார். செக்யூரிட்டி ஆபீசரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"இந்தம்மா திருடல," என்றார் அவர்.

அந்த அம்மா பஸ்ஸில் ஏறினார்.