மழை வந்தால் மட்டும் நின்றுபோகும் பெட்டி

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார். "மூடுன்னு பத்து வாட்டி அமுத்திட்டேன் சார். காதுலயே வாங்காம சுத்திக்கினே கெடக்குது" என்றார். அதற்குள் அந்தப் பெட்டியிலிருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. அவ்வளவுதான், நினைப்பில் நான் வெள்ளிமலையில் ஒரு டீக்கடைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நகல் எடுக்கக் கொண்டுபோன ஆதார் அட்டையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தது தனிக்கதை.

என் முதல் வேலை கள்ளக்குறிச்சியில்தான். உரக்கடை மாடியில் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளியைச் சேர்த்து ஐந்து பேர். யூரியா வாசனையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவோம். கல்வராயன் மலையில் எவ்வளவு மழை பெய்கிறது என்று அளந்து, அடிவாரத்து விவசாயிகளுக்கு மணிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும் பெட்டி ஒன்றைச் செய்து, வெள்ளிமலையில் பொன்னுசாமியின் டீக்கடைக் கூரையில் வைத்திருந்தோம். பெட்டியை வடிவமைத்தவன் என் கூட்டாளி தண்டபாணி. அதற்குள் ஓடும் கெர்னல், அதாவது மற்ற புரோகிராம்களை எல்லாம் கட்டி மேய்க்கும் அடிப்படைப் புரோகிராம், என் பொறுப்பு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொட்டாவி வருவதற்குள் முடித்துவிடுகிறேன். பெட்டியின் மெமரி ரொம்பச் சின்னது. சின்ன சமையல்மேடை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மீதிச் சாமான் எல்லாம் பரணில், அதாவது மெமரி கார்டில். புரோகிராம் ஒரு பக்கத்தை, அதாவது அந்தச் சாமானில் ஒரு துண்டை, தேடும்போது அது கையில் இல்லையென்றால், கெர்னல் போய்க் கார்டிலிருந்து எடுத்து வரும். இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். பேரில்தான் குற்றம், செய்வது என்னவோ நல்ல காரியம். எடுக்கப் போயிருக்கும் நேரத்தில் யார் தட்டிக் கூப்பிட்டாலும் அது திரும்பாது. எங்கள் பெட்டியிலோ மணிக்கு ஒருமுறை ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தட்டி, "கணக்கை அனுப்பு" என்று சொல்ல வேண்டும். அப்படித் தட்டுவதைத்தான் சிக்னல் என்போம். மலைக்குளிரில் கார்டு மந்தமாகிவிடும், செய்தி தாமதமாகும், முதலாளி திட்டுவார்.

சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நான், "இது இன்னா பெரிய விஷயம்?" என்று கெர்னலில் கைவைத்தேன். பக்கம் எடுக்கப் போகும் வழியில் சிக்னல் வந்தால், போன காரியத்தை விட்டுவிட்டுத் திரும்பி வரும்படி எழுதினேன். எழுதிவிட்டு எனக்கு நானே ஒரு போண்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பெட்டிக்கு ஒரு வியாதி வந்தது. வெயிலில் ஜோராக வேலை செய்யும். மழை பிடித்துக்கொண்டால் எண்ணும் வேலை ஜாஸ்தி, பக்கம் எடுக்கும் வேலையும் ஜாஸ்தி. உடனே சிக்கிக்கொள்ளும். செத்தும் போகாது, பதிலும் சொல்லாது, தோசைக்கல் மாதிரி சூடேறிக்கொண்டு சும்மா கிடக்கும். மழையை அளக்க வைத்த பெட்டி மழையன்று மட்டும் விடுமுறை எடுத்தது.

முதலாளி கேட்டபோது நான் கூசாமல் கார்டின்மேல் பழி போட்டேன். மூன்று கார்டு மாற்றினோம். ஒவ்வொரு முறை நின்றபோதும் தண்டபாணி தன் பைக்கில் மலையேறிப் போய் ஒயரைப் பிடுங்கிச் செருக வேண்டும். பொன்னுசாமி தொடமாட்டார். தொடக்கூடாது என்று மண்டையோட்டுப் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியவனே நான்தான். பாதி நாள் நானும் பின்சீட்டில் தொற்றிக்கொள்வேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் காற்றே மாறிவிடும். வளைவுக்கு வளைவு நிறுத்தி, அவன் பாட ஆரம்பிப்பான், நான் கெஞ்சி நிறுத்துவேன். மேலே போனால் பொன்னுசாமி இஞ்சி தட்டிப் போட்ட டீ தருவார். திரும்பும்போது பலாப்பழத்தை என் மடியில் வைத்துக் கட்டிவிடுவார். முள் குத்தக் குத்த இறங்கி வருவேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதில் பெரிய அவசரம் இல்லை.

அப்போதுதான் தண்டபாணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருநாவலூர் கோயிலில் முகூர்த்தம். நடு மழைக்காலம். முதலாளி மனசாட்சி இல்லாமல், "அன்னைக்குப் பொட்டி நின்னா, தாலி கட்டிட்டு ஒரு நடை போய்ட்டு வந்துடுப்பா" என்றார். தண்டபாணி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லும் ஆள் கிடையாது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை விடிகாலை பெட்டி நின்றது. சின்னசேலம் பக்கத்தில் தண்டபாணியின் வீட்டுக்கு லேப்டாப்போடு ஓடினேன். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மணி ஏழு. ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கும், அதற்குள் கிளம்பியாக வேண்டும். "எனக்கு இதுலலாம் நம்பிக்கை கெடையாதுடா. கல்யாணம் வரைக்கும் மட்டும் உண்டு" என்றான்.

தெருவில் கால் வைத்தான். உள்ளேயிருந்து அவன் அம்மா, "டேய் பாணி!" என்றார்.

போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சகுனத்தடை. திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். வந்தான், உட்கார்ந்தான். அம்மா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். குடிப்பவனிடம் பேச்சுக் கொடுத்தால் புரையேறும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றார். இவனோ கடைசிச் சொட்டு இறங்கியதும் சொம்பை வைத்துவிட்டு, ராகுகாலத்துக்குப் பயந்து ஒரே ஓட்டம். அம்மா வாயைத் திறப்பதற்குள் தெருவில் இருந்தான்.

"டேய் பாணி!"

திரும்பி வந்தான். உட்கார்ந்தான். இன்னொரு சொம்பு. அம்மா மௌனம். ஓட்டம்.

"டேய்!"

மூன்றாவது சொம்பில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான்காவது சொம்பில் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, குடித்ததில் கொஞ்சம் அந்த வழியாக வந்திருக்கலாம். "வவுறு வெடிச்சுடும்மா" என்றான். சொல்லிவிட்டு மறுபடி எழுந்தான். அங்கேதான் என் சிரிப்பு பட்டென்று நின்றது.

கூப்பிட்டால் திரும்பி வருகிறான். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்காமலேயே அதே காரியத்துக்கு மறுபடி கிளம்புகிறான். சேதி சொல்லாததால் அம்மா மறுபடி கூப்பிடுகிறார். நான் கெர்னலில் எழுதி வைத்திருந்தது அட்சரம் பிசகாமல் இதைத்தான். சிக்னல் வந்தால் திரும்பு என்று எழுதினேனே தவிர, எங்கே திரும்புவது? புரோகிராம் சேதி வாங்கிக்கொள்ளும் வாசல்வரை அதை வரவிட வேண்டாமா? நான் பாதி வழியிலேயே திருப்பி, மறுபடி பக்கம் எடுக்க அனுப்பிக்கொண்டிருந்தேன். சிக்னல் காத்துக்கொண்டே நிற்கும், இது போகும், பார்க்கும், திரும்பும், போகும். பெட்டி சூடேறாமல் என்ன செய்யும்!

தண்டபாணியின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எதுக்குக் கூப்ட்டாங்கன்னு மொதல்ல கேளுடா!"

"இன்னாம்மா சேதி?"

"அப்பவே சொல்ல வந்தேன். உன் போன் உள்ள சார்ஜுல கெடக்குது. மலையிலேர்ந்து டீக்கடைக்காரரு பேசுனாரு. மாப்பிள்ள அலைய வாணாம்னு அவரே தொடப்பக்கட்டையால ஒயரப் புடுங்கி மாட்டிட்டாராம். மண்டையோட்டப் பாத்தா பயமா இருக்குதாம், இனிமே சத்தியமா செய்ய மாட்டாராம். நீ போவவே வாணாம்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "பாணி, தப்பு கார்டுல இல்ல. நான் எழுதுனதுல. எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகம். மலைக்குப் போற ஆசையில சொல்லல."

அவன் விரல்விட்டு எண்ணினான். "பதினோரு வாட்டி போயிருக்கேன்" என்றான். பிறகு எழுந்து, "மொதல்ல கொல்லைக்குப் போய்ட்டு வரேன். வந்து உன்ன அடிக்கறேன்" என்று நடந்தான். அவன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கும்பிட்டு நிறுத்தினேன்.

திருத்தம் இரண்டே வரி. சிக்னல் வந்தால் வாசல்வரை வா, சேதி கேள், செத்துப் போ என்று உத்தரவு வந்திருந்தால் அங்கேயே செத்துப் போ, இல்லையென்றால் மறுபடி போய்ப் பக்கத்தை எடு. ஆபீஸ் மேசையில் வைத்துச் சோதித்தபோது சரியாக ஓடியது. மலையில் தெரிய வேண்டுமே?

முகூர்த்தத்தன்று விடியும்போதே மழை. மலைப்பக்கம் வானம் கறுப்பாக நின்றது. நான் மண்டபத்தூண் ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, மந்திரம் எதுவும் காதில் விழாமல் நின்றேன். தண்டபாணி தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, பெண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். ஐயர் அவசரப்படுத்தினார், அவன் அசையவில்லை. சரியாக மணி ஒன்பதுக்குப் போன் அதிர்ந்தது. வெள்ளிமலை, கனமழை, கணக்கு முழுசாக வந்திருந்தது. தலையாட்டினேன். கட்டினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அட்சதை போட்டதில்லை. பாதி ஐயர்மேல் விழுந்தது.

அதன்பிறகு பெட்டி ஒருநாளும் நிற்கவில்லை. அதனால் யாரும் மலைக்குப் போகவும் இல்லை. ஒருமுறை பொன்னுசாமி போன் செய்து, "இன்னா சார், பொட்டி கெட்டே போவ மாட்டேங்குது?" என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு கம்பெனி மூடியது. பெட்டியையும் கழற்றிவிட்டார்கள். இப்போது வரும் பெட்டிகளில் மெமரி தாராளம், எல்லாம் கையிலேயே இருக்கும், எதையும் எடுத்துவர வெளியே போக வேண்டியதே இல்லை. தண்டபாணி சேலத்தில் இருக்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்தபடி, நேரில் பார்த்தே இராத யாருக்கோ வேலை செய்கிறேன்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த அன்று அவனுக்குப் போன் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் போய்வரலாமா என்று கேட்டேன்.

"எதுக்குடா?" என்றான்.

"பொட்டி நின்னுபோச்சுன்னு வச்சுக்கோடா" என்றேன்.