துண்டில் சுற்றிய எறா தொக்கு

போன வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் நடந்தது இது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசவும் வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பத்தில் இருக்கிறோம். கடல் தொழில். எங்கள் ஒரே மகள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். அந்த வருஷம் பொங்கல் கழிந்த சமயம் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ரத்தம் ரொம்பக் கம்மி என்றார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவது, மத்தியானம் ஒரு சிப்ஸ் பாக்கெட், சாயந்திரம் பசி தாங்காமல் பரோட்டா. இதுதான் அவள் சாப்பாடாக இருந்திருக்கிறது. கேட்டதும் என் சம்சாரம் அழுதுவிட்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். எங்கள் குப்பத்தில் வெளியூரில் படிக்கிற பிள்ளை இருந்தால், வலையில் ஏறுகிற நல்லதை ஏலத்துக்கு விடாமல் எடுத்து வைத்துவிடுவோம். அன்றைக்குக் கிடைத்தது நல்ல பெரிய எறா, இறால் என்பார்களே அது. சம்சாரம் விடியலிலேயே தொக்கு செய்து, கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மேலே கனமான துண்டைச் சுற்றிக் கொடுத்தாள்.

"மடியிலயே வெச்சிக்கினு போங்க. சூடு ஆறாம புள்ள சாப்புடணும்" என்றாள்.

அப்படியே வைத்துக்கொண்டு போனேன். திண்டிவனத்தில் பஸ் மாறி ஏறும்போதும் டப்பா சுட்டது. சந்தோஷமாக இருந்தது.

விக்கிரவாண்டி வருவதற்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. இஞ்சினிலிருந்து புகை. பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றார் கண்டக்டர். வருகிற பஸ் எல்லாம் நிறைந்து வந்தது. ஒவ்வொன்றிலும் ரெண்டு மூன்று பேர்தான் ஏற முடிந்தது. முண்டியடித்து ஏற எனக்கு வராது. கைக்குழந்தைக்காரிக்கு வழி விட்டேன், வயசானவருக்கு விட்டேன், கடைசியில் யார் யாருக்கோ விட்டேன். உச்சி வெயில் வந்துவிட்டது.

கடைசியில் புளியமரத்தடியில் நானும் ஒரு அம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். என் வயசுதான் இருக்கும். ரெண்டு பெரிய பை வைத்திருந்ததால் அவராலும் ஏற முடியவில்லை. கோலியனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவராம். என் மடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாண்ணா, புள்ளைய புடிச்சா மாதிரி புடிச்சிக்கினு இருக்கீங்க? உள்ள இன்னா?"

சொன்னேன். துண்டுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எப்போ செஞ்சது?"

"விடியக்காத்தாலதாம்மா. இன்னும் சூடாத்தான் இருக்குது."

"அய்யே, இது சூடாண்ணா? வெதவெதன்னு கீது. கொதியும் இல்லாம ஆறியும் போவாம இப்படியே இம்மாம் நேரம் இருந்தா கெட்டுப்பூடும். குடுக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. சம்சாரம் செய்ததை யாரோ குறை சொல்கிறாரே என்று. லேசாக மூடியைத் திறந்து காட்டினேன். வாசனை மரத்தடி முழுக்கப் பரவியது. அவரே சிரித்துவிட்டார்.

"வாசனை எனுக்கே நாக்குல தண்ணி வருது. பள்ளிக்கூடத்துல நாங்க வாயில வெச்சிப் பாத்துட்டுதான் பசங்களுக்குப் போடுவோம். ஆனா எல்லாமே வாய்க்குத் தெரியாதுண்ணா. சில சமயம் வயித்துக்குத்தான் தெரியும், அதுவும் மறுநாளு."

நான் மூடியை அழுத்தி மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "கடல்ல புடிச்ச எறாவ இம்மாம் நேரம் ஐஸு போடாம வெப்பீங்களா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. எறா படகில் விழுந்த நிமிஷமே ஐஸ் போடுகிறவன் நான். போடாமல் கொண்டு வருகிறவனைத் திட்டியும் இருக்கிறேன். அதே எறா சட்டியில் வெந்து டப்பாவுக்குப் போனதும் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. துண்டைச் சுற்றி, மடிச்சூட்டையும் சேர்த்துக் கொடுத்து, நானே அதைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த அம்மா ஒரு பையைப் பிரித்து, வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, நிறையவும் கொய்யாப்பழம் கொஞ்சமும் அள்ளி என் பையில் போட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. "பழத்த நல்லா கழுவித் துன்னச் சொல்லுங்க" என்றார். அதற்குள் ஒரு பஸ் காலியாக வந்தது. ரெண்டு பேரும் ஏறினோம். விழுப்புரத்தில் இறங்கியதும் அவர் வளவனூர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

ஹாஸ்டல் வாசலுக்குப் போகும்போது சாயந்திரம் ஆகப்போகிறது. போகிற வழியிலேயே டப்பாவைக் கொட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. உள்ளே வேப்பமரத்தடியில் என் மகளும் அவள் சிநேகிதிகள் நாலைந்து பேரும் தட்டோடு நின்றார்கள்.

"ஏய், எறா வந்துச்சுடீ!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி என்னிடம், "அங்கிள், உங்க பொண்ணு எறாவுக்காகக் காலையிலருந்து ஒண்ணுமே சாப்புடல. நாங்க திட்டித் திட்டிப் பாத்துட்டோம்" என்றாள்.

அத்தனை பெண் பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் மகள் பையை வாங்கி, துண்டை அவிழ்த்து, மூடியைத் திறந்துவிட்டாள். அந்தக் கத்தின பெண் ரெண்டு விரலால் ஒரு எறாவை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேணாம்மா! கீழ போடு!"

அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண் எறாவைக் கையில் பிடித்தபடி சிலை மாதிரி நின்றாள்.

"இன்னாப்பா? நல்லாத்தானே கீது?" என்றாள் மகள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பசி வேறு.

பஸ் நின்றது, வெயில், மடியில் வைத்திருந்தது எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "ஐஸு இல்லாத எறாவ நான் ஊரு பேரு தெரியாதவனுக்குக்கூட விக்க மாட்டேன். உனுக்குக் குடுப்பனாம்மா?" என்றேன்.

அந்தப் பெண் கையிலிருந்த எறாவை டப்பாவிலேயே போட்டாள். பிறகு மகளே டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தாள். ஹாஸ்டல் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் கொடுக்காமல் சுவரோரம் குழி தோண்டி மூடினோம். "அங்கிள், எறாவுக்கு ஒரு மாலை போட்டுடலாமா?" என்று அந்தக் கத்தின பெண் கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் மகளும் சிரித்தாள்.

வார்டனிடம் சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு எல்லாரையும் கூட்டிப் போனேன். முதல் ஈடு இட்லி ஆவி பறக்க இறங்கியது. மகள் தலையை நிமிராமல் சாப்பிட்டாள். பிறகு மரத்தடிக்கு வந்து, கொய்யாவைக் கழுவி வந்து தின்றார்கள். மல்லாட்டை உரித்துக்கொண்டே கடலைப் பற்றி ஏதேதோ கேட்டார்கள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சம்சாரத்துக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "புள்ள சாப்புட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வறுத்த மல்லாட்டை, வெல்லம் போட்ட கேப்பை உருண்டை, பழம் என்று வழியில் கெடாததாகத்தான் எடுத்துப் போகிறேன். எறா எல்லாம் அவள் லீவுக்கு வீட்டுக்கு வரும்போதுதான், சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு. காலை டிபன் சாப்பிட்டுவிட்டு மகள் எனக்குப் போன் செய்கிறாள். ரத்தமும் தேறி வருகிறது என்றார்கள்.

அந்தப் புளியமரத்தை பஸ் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன், அந்த அம்மாவை மறுபடி பார்க்கவே முடியவில்லை. நாலு பேர் நடுவில் எனக்கு இன்னும் பேச்சு வராது, ஆனால் பிள்ளைகள் தட்டோடு நிற்கிற இடத்தில் மட்டும் என் வாய் திறந்துகொள்கிறது.