நேற்றைய பூ

பட், பட், பட். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், வாடிய பூக்களைக் கட்டைவிரலால் ஒடித்து வாளியில் போட்டபடி நகர்கிறார் மேடம். டேலில்லிப் பூ காலையில் விரிந்து இருட்டுவதற்குள் சுருண்டுவிடும். மறுநாளுக்கு வேறு மொட்டு. நேற்றையதை விட்டுவைத்தால் ஈரத்துணிபோல் தொங்கி, இன்றைய பூவின்மேல் ஒட்டிக்கொள்ளும். அது அவருக்கு ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டு வேலியில் தொங்கினாலும் கை நீண்டுவிடும்.

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். அதனால்தான் மேடம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், கேலியாக. கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகிய வலது கால், மொட்டு விரிவதைப் பார்க்கும்போதும் தரையை அழுத்தும்.

நடுவதில் சமரசம் கிடையாது. குழிக்குள் சின்னதாய் ஒரு மண்மேடு, அதன்மேல் குடை விரித்தாற்போல் வேர்கள். வேரும் இலையும் சேரும் கழுத்து ஒரு விரற்கடைக்குமேல் புதையக் கூடாது. "கழுத்து வரைக்கும் போர்த்துங்க, மூஞ்சிய மூடாதீங்க. மூச்சு முட்டும்" என்று கணவரை அதட்டுவார்.

கருஞ்சிவப்பு இதழ், வெள்ளை விளிம்பு: அதுதான் கனவு. அதற்காகத் தானே மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, மூன்று வருடம் வளர்த்த செடி நேற்று முதல் பூ விட்டது. கணவரைப் போர்வையோடு இழுத்துவந்தார். விரிந்ததோ துருப்பிடித்த தகர நிறம்.

"நல்லாத்தானே இருக்கு?"

"நம்ம வாசக் கேட்டு கூடத்தான் இந்தக் கலர்ல இருக்கு. நாளைக்குப் பிடுங்கிடுறேன். இடமில்லாம கப்புல நாத்துப் புள்ளைங்க வரிசையா நிக்குது."

"மூணு வருஷம் வளத்த புள்ளைய ஒரே நாள்ல துரத்துறீங்களே மேடம்!"

இன்று வாளியை வைத்துவிட்டு, மண்வெட்டியோடு அந்தச் செடியிடம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுற்றிலும் இன்னும் ஒடிக்காத நேற்றைய பூக்கள் கூழாகித் தொங்க, துருநிறப் பூ மட்டும் இதழ் மடங்காமல் நின்றது. குனிந்து பார்த்தார். அதே தண்டிலிருந்த மற்ற மொட்டுகள் இறுக மூடியிருந்தன. புதியது இல்லை. நேற்றையதேதான்!

"என்னங்க! ஓடி வாங்க!"

வாயில் பிரஷோடு ஓடிவந்தார் கணவர். "என்ன, பாம்பா?"

"நேத்துப் பூத்ததுங்க! ராத்திரி முழுக்கக் கண்ண மூடல!"

"அப்போ துரு?"

"துரு கெடக்குது துரு! இந்த ஆயுசும் அந்தச் செவப்பும் ஒண்ணு சேந்துச்சுன்னா... ஐயோ, உங்க கண்ணாடிக்கடை இடுக்கி எங்க? நிக்காதீங்க!"

இடுக்கி வந்தது. துருநிறப் பூவிலிருந்து மகரந்தத்தாள் ஒன்றைக் கிள்ளி எடுத்தார். அதன் நுனியில் கொஞ்சம் மஞ்சள் தூள். இரண்டடி தள்ளி, கருஞ்சிவப்புப் பூ ஒன்று அப்போதுதான் விரிந்திருந்தது. அதன் நடுவே நீண்ட சூல்தண்டின் நுனியில் இந்தத் தூளைத் தொட்டுவைக்க வேண்டும். காற்றடித்தால் போச்சு. தேனீ முந்தினால் போச்சு.

வாசலில் பயிற்சி வண்டியின் ஹார்ன். மறுபடியும் ஹார்ன்.

"மேடம், வண்டி வந்தாச்சு!" என்றார் கணவர்.

மேடம் திரும்பவில்லை. இடது கையைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டி, உள்ளங்கையைத் தெருவுக்குக் காட்டினார். வலது கை மெல்லப் பூவுக்குள் இறங்கியது.