பத்துக்கு ஒன்று போட்ட தலைமை நர்ஸ்

"எவனா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். இந்த வாய்க்குப் பயந்து பெரிய டாக்டரே வேற படிக்கட்டுல இறங்கிப் போவாரு!"

ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் இதை உறவினர் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. அந்த வாயை நம்பித்தான் பக்கவாத நோயாளிகளுக்கான தொண்டு இல்லம் அவரைத் தன் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டது. ஏழு பேர் குழு. ஆறு வருடத்தில் ஒருவர்கூட ஒரு தீர்மானத்தை எதிர்த்ததில்லை. தலைவர் தும்மினால்கூட ஏகமனதாகத்தான்.

போன மாதம், நோயாளிகள் நடைபழகும் அறையைக் கூட்ட அறையாக்கலாம் என்றார் தலைவர். "நாம ஒரே குடும்பம். குடும்பம் உட்கார ஒரு நல்ல கூடம் வேண்டாமா?"

எல்லாத் தலைகளும் ஆடின. நர்ஸின் தலையும்தான். அந்த அறைக் கம்பிகளைப் பிடித்துத்தான் அவருடைய சொந்தத் தம்பி பதினோரு அடி நடந்திருந்தார். இனி அவருக்கு வராந்தா நாற்காலிதான்.

"நீ ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்றார் தம்பி, குழறலாக.

"அடுத்த கூட்டத்துல பாரு, கிழிச்சுத் தொங்க விட்டுடறேன்."

அந்தக் கூட்டம் புதிய அறையில், மறுநாள் கழற்றப்படவிருந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் நடந்தது. குழு எப்படி இயங்குகிறது என்று மதிப்பிட, நன்கொடையாளர்கள் ஒரு பெண்மணியை அனுப்பியிருந்தார்கள். பெயர் எழுத வேண்டாத தாள் ஒன்றைக் கொடுத்தார். கேள்வி: தலைவரை எதிர்த்துப் பேச முடிகிறதா? பத்துக்கு எத்தனை?

நர்ஸ் பரீட்சை எழுதும் பிள்ளைபோலத் தாளை மறைத்துக்கொண்டு, ஒன்று போட்டார். தாளை எட்டாக மடித்துக் கொடுத்தார். வீரம் என்றால் சும்மாவா?

முடிவு வாசிக்கப்பட்டது. ஆறு தாளில் பத்து, ஒரு தாளில் ஒன்று.

"ஒண்ணு போட்டவங்க விரும்பினா இப்பவே பேசலாம். ஏதாவது முடிவை மறுபடி யோசிக்கணும்னா, அறிக்கையில எழுதறேன்," என்றார் மதிப்பீட்டுப் பெண்மணி.

நர்ஸ் வாயைத் திறந்தார். தலைவர் சிரித்தபடி முந்திக்கொண்டார்.

"யாரோ கைதவறிப் போட்டுட்டாங்க மேடம். அதைப் பத்துன்னு திருத்த ஒரு தீர்மானம் போட்டுடலாம்."

"ரகசிய மதிப்பெண்ணை எப்படிங்க தீர்மானம் போட்டுத் திருத்துவீங்க?"

"ஏகமனதாத்தான். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

தலைவருடையதையும் சேர்த்து ஆறு கைகள் உயர்ந்தன.

"என்ன சிஸ்டர், கை வலியா?" தலைவர் அன்பாகத்தான் கேட்டார்.

திறந்த வாயை ஒரு கொட்டாவியாக முடித்துவிட்டு, நர்ஸ் கையைத் தூக்கினார்.