ரிவர்ஸ் இல்லாத வண்டி

அபிராமபுரத்தில் மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியை மிதித்து வந்து மீன் விற்பார் அந்த அம்மா. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார். வண்டி நிற்கும்போதெல்லாம் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பது அவர் பழக்கம். முன்னால் மிதித்தால் மட்டுமே பிடிக்கும் ஃப்ரீவீல், அப்போது டிக்டிக்கென்று சும்மா சுழலும்.

ஒருநாள் குறுகலான ஒருவழித் தெரு ஒன்றில் அவருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். தவறான திசையில் நுழைந்த ஒரு பெரிய கார் எதிரே வந்து ஹாரனை அலறவிட்டது.

"வண்டியப் பின்னால எடு!" என்று அதட்டினார் காரில் இருந்தவர்.

அந்த அம்மா பெடலைப் பின்பக்கமாக மிதித்துக் காட்டினார். வண்டி அசையவில்லை. "பாத்துக்கினியா சார்? இதுல ரிவர்ஸ் கெடையாது. உன் கார்ல கீதுல்ல, எடு."

"எறங்கித் தள்ளும்மா!"

"நான் கரீட்டாத்தான் வந்துகினு கீறேன். நான் இன்னாத்துக்கு எறங்கணும்?"

எதற்கு வம்பென்று நான் ஸ்கூட்டரைப் பின்னுக்கு உருட்டத் தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார். "நீ நில்லு நைனா."

நின்றேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் கார்தான் தெருமுனைவரை பின்வாங்கியது.

அப்போது நாங்கள் தாண்டி வந்த வீட்டிலிருந்து ஒரு பெண், "வஞ்சிரம் இருக்காம்மா?" என்று கூப்பிட்டார். உடனே இவர் குதித்திறங்கி, கனத்த வண்டியைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார்.

"இப்ப மட்டும் எப்படிம்மா வருது?" என்றேன்.

"அவங்க கூப்ட்டாங்க, போறேன். அந்தாளு வெரட்டுனான்."

நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டி அவருக்கு வழிவிட்டேன்.